முகச் சிவப்பும் மயிர்க்கால் உண்ணியும்

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. பெரும்பாலும் மெய்யான வாக்குத்தான். ஆயினும் சில வேளைகளில் முகம் பொய்ச்சாட்சி கூறுவதும் உண்டு. மதுவை நாவால் தீண்டியும் அறியாத ஒருவருடைய மூக்கும் கன்னங்களும் ஆண்டுக்கணக்கில் சிவந்து தடித்திருக்குமானால், ஊரார் அவரைப் பற்றி என்ன பேசிக்கொள்வார்கள்? மேலைநாடுகளில் இத்தகைய மூக்கிற்குக் "குடிகாரன் மூக்கு" என்றே பெயரிட்டு எள்ளி வந்தனர். நோயின் துன்பம் ஒரு பங்கு என்றால், செய்யாத குற்றத்திற்கு வந்த பழி மற்றொரு பங்காக அவர்களை வாட்டியது.

பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. பிளாரன்ஸ் நகர ஓவியர் தொமேனிக்கோ கிர்லாந்தாயோ 1490-ஆம் ஆண்டையொட்டித் தீட்டியது. முதியவர் ஒருவரும் அவருடைய பேரனும் அதில் காணப்படுகின்றனர். முதியவரின் மூக்கு முண்டும் முடிச்சுமாகப் பருத்துப் பார்ப்பதற்கு அருவருப்பாய் இருக்கிறது. அந்தச் சிறுவனோ அதனைச் சற்றும் பொருட்படுத்தாமல், அன்பு ததும்ப அவர் முகத்தையே அண்ணாந்து நோக்குகிறான். ஓவியர் மறைக்காமல் வரைந்த அந்த மூக்கு, ரோசேசியா என்னும் தோல் நோயோடு தொடர்புடைய மூக்குத் தடிப்பு என்று மருத்துவர் பலர் கருதுகின்றனர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே மனிதரை வாட்டிய இந்த நோய்க்குக் காரணம் என்ன என்பது இன்றும் முழுமையாகத் தீராத வழக்கு. இவ்வழக்கில் குற்றவாளிக் கூண்டில் அடிக்கடி ஏற்றப்படும் ஓர் உயிர், நம் எல்லாருடைய முகத்திலும் குடியிருக்கும் கண்காணா உண்ணி. அதன் மீதான குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது, அதனால் மருத்துவத்தில் விளைந்த நன்மை என்ன, நாம் விலக்க வேண்டியது எது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நோயின் இயல்பு

ரோசேசியா பொதுவாக முப்பது வயதைக் கடந்தவர்களிடம் தோன்றும். முதலில் முகத்தின் நடுப்பகுதி, அதாவது மூக்கு, கன்னம், நெற்றி, தாடை ஆகியவை திடீர் திடீரென்று சிவந்து சூடேறும். சற்று நேரத்தில் அடங்கிவிடும். நாளடைவில் அச்சிவப்பு அடங்காமல் நிலைத்துவிடும். நுண்ணிய குருதிக் குழாய்கள் விரிந்து, சிவந்த நூலிழைகள் போலத் தோலின்மேல் தெரியும். சிலருக்குப் பருக்களும் சீழ்க்கொப்புளங்களும் எழும். இளமைப் பருவத்து முகப்பருவில் காணப்படும் கரும்புள்ளிகள் இதில் இரா. இஃது ஒரு முக்கியமான வேறுபாடு. சிலருக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, மூக்கின் தோல் தடித்துப் பருக்கும். வேறு சிலருக்குக் கண்ணிமைகள் சிவந்து, கண்ணுக்குள் மணல் விழுந்தாற்போல உறுத்தும்.

வெண்ணிறத் தோலினரையே இந்நோய் மிகுதியாகப் பற்றும் என்பது மருத்துவ நூல்களின் பொதுவான கூற்று. எனினும் நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கும் கறுத்த மேனியருக்கும் இது வராது என்று எண்ணுவது தவறு. நம் தோலின் நிறம் சிவப்பை மறைத்துவிடுகிறது. ஆகவே நோய் கண்டறியப்படாமலே காலம் கடந்துவிடுகிறது. கண்ணுக்குச் சிவப்புத் தெரியாவிட்டாலும் முகத்தில் எரிச்சல், சூடு, ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி, எந்தச் சோப்பும் களிம்பும் ஒத்துக்கொள்ளாத கூச்சம் ஆகியவை இருக்குமானால், அவை கவனிக்கத்தக்க அடையாளங்களே.

இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. அழுக்கினால் வருவதில்லை. மது அருந்துவதால் மட்டுமே வருவதும் இல்லை. மது ஏற்கெனவே உள்ள சிவப்பைத் தூண்டிவிடக்கூடும், அவ்வளவே. கடும் வெயில், சூடான பானம், காரமான உணவு, அடுப்படியின் அனல், மனக்கலக்கம் ஆகியனவும் அவ்வாறே தூண்டக்கூடியவை.

மயிர்க்காலில் ஒரு குடித்தனம்

இனி அந்த உண்ணியைப் பார்ப்போம். டெமோடெக்ஸ் என்பது அதன் அறிவியற் பெயர். நாயின் காதில் கொழுத்துத் தொங்கும் உண்ணியும், வீட்டு மூலையில் வலை பின்னும் சிலந்தியும் இதற்குத் தூரத்து உறவினர். ஆனால் உருவத்தில் இது மிகச் சிறியது. மயிர்க்காலில் வாழும் வகையின் நீளம் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர், எண்ணெய்ச் சுரப்பிகளில் வாழும் மற்றொரு வகை இன்னும் குட்டையானது. புழுவைப் போல நீண்ட உடல். அதன் முன்பகுதியில் மட்டும் எட்டுக் குட்டைக் கால்கள். மயிர்க்காலுக்குள் தலைகீழாகப் புகுந்து, தோலின் உயிரணுக்களையும் எண்ணெய்ப் பசையையும் உணவாகக் கொள்கிறது. வெளிச்சத்தை வெறுக்கும். இரவில் நாம் உறங்கும்போது வெளியே வந்து, மணிக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து, இணை தேடி, மீண்டும் மயிர்க்காலுக்குள் புகுந்துகொள்ளும். இரண்டு மூன்று வாரங்களில் அதன் வாழ்வு முடிந்துவிடும்.

இதைப் படிக்கும் வாசகர் தம்மையறியாமல் கன்னத்தைத் தடவிப் பார்த்தால் வியப்பில்லை. ஆனால் அஞ்ச வேண்டுவதில்லை. பிறந்த குழந்தையின் முகத்தில் இவ்வுண்ணி இராது. தாய் அணைத்துப் பாலூட்டும்போதும், உறவினர் முத்தமிடும்போதும் மெல்ல மெல்ல வந்து சேர்கிறது. வயது ஏற ஏறப் பெருகுகிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நடந்து 2014-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், சோதிக்கப்பட்ட பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோர் அனைவருடைய தோலிலும் இவ்வுண்ணியின் மரபணுத் தடயம் கிடைத்தது. ஆகவே, நலமாக வாழும் கோடிக்கணக்கான மக்களின் முகத்தில் எந்தத் தீங்கும் செய்யாமல் குடியிருக்கும் உயிர் இது. இங்கேதான் சிக்கல் எழுகிறது. எல்லார் வீட்டிலும் இருக்கும் ஒருவனைச் சில வீடுகளில் மட்டும் நடந்த திருட்டுக்கு எப்படிப் பொறுப்பாளி ஆக்குவது?

கண்டவரே கேட்ட கேள்வி

இந்த உண்ணியை முதன்முதலில் கண்டு கூறியவர் யாக்கோப் ஹென்லெ என்னும் ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர். சிறுநீரகத்தின் நுண்குழாய் வளைவு ஒன்று இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 1841-ஆம் ஆண்டில் செவித் துளையின் மயிர்க்கால்களில் அவர் இதனைக் கண்டார். அடுத்த ஆண்டில் பெர்லின் நகரத்துத் தோல் மருத்துவர் குஸ்டாவ் சைமன், முகப்பருக்களை ஆராயும்போது இதனைக் கண்டு விரிவாக எழுதினார். 1843-இல் ஆங்கில விலங்கியலறிஞர் ரிச்சர்டு ஓவன் டெமோடெக்ஸ் என்று பெயர் சூட்டினார். கொழுப்பில் வாழும் புழு என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள்.

ஹென்லெயின் வாழ்வில் வியக்கத்தக்க ஒரு பொருத்தம் உண்டு. இவ்வுண்ணியைக் காண்பதற்கு ஓராண்டுக்கு முன், 1840-இல், தொற்றுநோய்களைப் பற்றி அவர் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை வெளியிட்டிருந்தார். கண்காணா உயிர்களே தொற்றுநோய்களை உண்டாக்குகின்றன என்று அதில் வாதிட்டார். அதே நேரத்தில், நோயுள்ள இடத்தில் ஓர் உயிரைக் கண்டதனால் மட்டும் அதுவே காரணம் என்று முடிவு கட்டிவிடலாகாது என்றும் எச்சரித்தார். அவ்வுயிர் அந்நோயில் தவறாமல் காணப்பட வேண்டும்; அதனைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும்; தனித்த நிலையில் அதன் ஆற்றலைச் சோதிக்க வேண்டும். பிற்காலத்தில் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் அவரிடம் பயின்ற மாணவர்தான், 1882-இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக். ஆசிரியரின் எண்ணத்தை மாணவர் மேலும் உறுதியாக்கினார். பிரித்தெடுத்து வளர்த்த கிருமியை நலமான உயிருக்குச் செலுத்தினால் அந்நோயே தோன்ற வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி.

சொறி சிரங்கை உண்டாக்கும் உண்ணி இத்தகைய சோதனைகளில் தேறிவிட்டது. 1687-ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் ஜியோவன்னி கோசிமோ பொனோமோ அதனை நுண்ணோக்கியில் கண்டு, சிரங்கிற்கு அதுவே காரணம் என்று எழுதினார். அவ்வுண்ணி வெளியிலிருந்து வந்து தோலைத் துளைக்கும் பகைவன். அது தொற்றினால் சிரங்கு வரும், அது ஒழிந்தால் சிரங்கு தீரும். டெமோடெக்ஸோ அவ்வளவு எளிதாகத் தீர்ப்புக்கு உட்படுவதாய் இல்லை. நோயில்லாதவரிடமும் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கவும் இயலவில்லை. ஹென்லெ கண்டுபிடித்த உயிரே ஹென்லெயின் கேள்விக்கு முழு விடை தராமல் நிற்கிறது.

எண்ணிக்கை கூறும் சாட்சி

இருக்கிறதா இல்லையா என்று கேட்பதை விட்டு, எத்தனை இருக்கின்றன என்று கேட்டபோதுதான் வழக்கில் புதிய திருப்பம் ஏற்பட்டது. கண்ணாடித் தகடொன்றில் ஒரு சொட்டுப் பசையை இட்டுக் கன்னத்தில் ஒட்டி, உலர்ந்ததும் மெல்ல உரித்தெடுப்பர். மயிர்க்கால்களில் உள்ளவையெல்லாம் அதனோடு ஒட்டி வந்துவிடும். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் உள்ள உண்ணிகளை நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். பெல்ஜிய நாட்டு மருத்துவர்களான ஃபோர்ட்டன், செய்ஸ் ஆகிய இருவரும் 1993-ஆம் ஆண்டில் இம்முறையில் எண்ணி வெளியிட்டனர். ரோசேசியா இல்லாதவர்களிடம் சராசரியாக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.7 உண்ணி; ரோசேசியா நோயாளரிடம் 10.8 உண்ணி. ஐந்துக்கு மேற்பட்டால் இயல்புக்கு மீறியது என்று கொள்ளும் வழக்கம் இதன் பின்னரே நிலைபெற்றது.

பெருக்கம் எவ்வாறு தீங்காகிறது? 2007-ஆம் ஆண்டில் அயர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு துப்பைக் கொடுத்தனர். ரோசேசியா நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த உண்ணியின் உடலுக்குள் ஒரு நுண்கிருமியைக் கண்டனர். முதலில் கறையானின் குடலில் அறியப்பட்ட கிருமி அது. அதன் புரதங்களை நோயாளரின் குருதி அணுக்களோடு சேர்த்துப் பார்த்தபோது, 22 பேரில் 16 பேருடைய அணுக்கள் கிளர்ந்தெழுந்தன. நோயில்லாத 17 பேரில் 5 பேருடைய அணுக்களே அவ்வாறு கிளர்ந்தன. அதே ஆண்டில் அமெரிக்காவின் சான் டியேகோ நகர ஆய்வாளர்கள் வேறொரு வழியில் சென்றனர். கிருமிகளை எதிர்க்கத் தோல் தானே சுரக்கும் காத்தலிசிடின் என்னும் பொருள், ரோசேசியா நோயாளரின் தோலில் அளவுக்கு மீறியும் இயல்பு திரிந்தும் காணப்படுவதை அவர்கள் காட்டினர். அத்திரிந்த பொருளை எலிகளின் தோலில் செலுத்தியபோது அங்கே சிவப்பும் அழற்சியும் தோன்றின.

இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தால் ஒரு சித்திரம் கிடைக்கிறது. உண்ணியும் அதனுள் இருக்கும் கிருமியும் தூண்டுகோல். அத்தூண்டலுக்கு அளவுமீறி வெகுண்டெழும் தோலின் காவற்படையே சிவப்பையும் பருவையும் உண்டாக்குவது. கதவைத் தட்டியவன் ஒருவன். வீட்டையே தலைகீழாக்கியது காவலாளியின் பதற்றம்.

எதிர்த்தரப்பு வாதம்

நேர்மையான வழக்கில் எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். ரோசேசியாவுக்கு நெடுங்காலமாகத் தரப்படும் மெட்ரோனிடசோல் களிம்பு நல்ல பயன் தருகிறது. ஆனால் அது இவ்வுண்ணியைக் கொல்லும் மருந்தன்று. 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற 40 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் மாத்திரையும் பருக்களைக் குறைக்கிறது. அந்த அளவோ கிருமியைக் கொல்லவும் போதாதது. அழற்சியைத் தணிப்பதொன்றே அதன் வேலை. உண்ணி சாகாமலே நோய் தணியுமானால், உண்ணிதான் காரணம் என்பது எப்படிப் பொருந்தும்?

மேலும், எது முந்தியது என்ற கேள்வியும் உண்டு. அழற்சியுற்றுக் குருதியோட்டம் மிகுந்த தோல், உண்ணிகளுக்குச் செழிப்பான வயலாகிவிடலாம். அப்படியானால் அவற்றின் பெருக்கம் நோயின் விளைவேயன்றிக் காரணமாகாது. உண்ணிக்குக் கழிவுவாய் இல்லை, ஆயுள் முழுதும் சேர்ந்த கழிவு சாகும்போது வெடித்துச் சிதறித் தோலைப் புண்படுத்துகிறது என்றொரு கருத்தும் பலகாலம் வழங்கி வந்தது. பிரிட்டனின் பேங்கர், ரெடிங் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தோர் பங்குகொண்டு 2022-இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வுயிருக்குக் கழிவுவாய் உண்டு என்பதை உறுதிப்படுத்தி, அப்பழியை நீக்கியது. மனிதனோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியதனால் பல மரபணுக்களையும் அது இழந்து, நம்மைச் சார்ந்தே வாழும் நிலைக்கு வந்துவிட்டது என்பதும் அதில் தெரியவந்தது.

ஆகவே இன்றைய தீர்ப்பு இதுதான்: ரோசேசியாவுக்கு ஒற்றைக் காரணம் இல்லை. பரம்பரை இயல்பு, குருதிக் குழாய்களின் கூச்சம், தோலின் தற்காப்பு முறையின் கோளாறு, வெயில் ஆகியவற்றோடு உண்ணியின் பெருக்கமும் ஒரு பங்காளி. சிலரிடம் அதன் பங்கு பெரிது, சிலரிடம் சிறிது.

மண்ணிலிருந்து கிடைத்த மருந்து

தீர்ப்பு முழுமையாக எழுதப்படாவிட்டாலும் மருத்துவம் கைகட்டி நிற்கவில்லை. ஜப்பானிய அறிஞர் சத்தோஷி ஓமுரா, ஷிசுவோக்கா மாநிலத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே எடுத்த மண்ணில் ஒரு நுண்ணுயிரைக் கண்டார். 1970-களில் அமெரிக்காவின் மெர்க் மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய வில்லியம் கேம்பல் அதனை ஆராய்ந்தார். அதிலிருந்து உருவானதே ஐவர்மெக்டின். முதலில் கால்நடைகளின் புழுக்களுக்கும் உண்ணிகளுக்கும் பயன்பட்ட இம்மருந்து, ஆப்பிரிக்க மக்களின் கண்ணொளியைப் பறித்துவந்த ஆற்றுக் குருட்டுநோய்க்கு மருந்தாக 1987-ஆம் ஆண்டு முதல் இலவசமாக வழங்கப்பட்டது. ஓமுராவும் கேம்பலும் 2015-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இதே மருந்து 1 விழுக்காடு கொண்ட களிம்பாக்கப்பட்டு, ரோசேசியாவின் பருக்களுக்கென 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உண்ணியின் நரம்புகளைச் செயலிழக்கச் செய்து கொல்வதோடு, அழற்சியைத் தணிக்கும் ஆற்றலும் இதற்கு உண்டு. ஒப்புதலுக்கு ஆதாரமான இரண்டு பெரிய சோதனைகளில், நாளொன்றுக்கு ஒருமுறை பன்னிரண்டு வாரங்கள் தடவியவர்களில் 38.4, 40.1 விழுக்காட்டினருக்கு முகம் முற்றிலுமோ ஏறத்தாழ முற்றிலுமோ தெளிந்தது. மருந்தில்லாத வெறுங் களிம்பைத் தடவியவர்களில் இந்நிலையை எய்தியவர்கள் 11.6, 18.8 விழுக்காட்டினரே. மெட்ரோனிடசோல் களிம்போடு ஒப்பிட்டு 2015-இல் வெளியான மற்றொரு சோதனையில், பதினாறு வாரங்களில் பருக்கள் ஐவர்மெக்டினால் 83 விழுக்காடும், மெட்ரோனிடசோலால் 73.7 விழுக்காடும் குறைந்தன.

இந்த எண்களை இருபுறமும் பார்க்க வேண்டும். மருந்து நிச்சயமாகப் பயன் தருகிறது. ஆயினும் பன்னிரண்டு வாரத்தில் முகம் தெளியாதவர்களும் பாதிக்கு மேல் உண்டு. மருந்தை நிறுத்தியபின் பலருக்குச் சில மாதங்களில் நோய் மீள்கிறது. பருக்கள் மறைந்தாலும், விரிந்துவிட்ட குருதிக் குழாய்களின் சிவப்பு இதனால் முழுதும் நீங்காது. அதற்கு லேசர் ஒளி போன்ற வேறு முறைகள் தேவைப்படும். தடித்த மூக்கிற்கு அறுவை மருத்துவம் உதவும். இமைகளில் பெருகும் இவ்வுண்ணியால் வரும் இமை அழற்சிக்கென லோட்டிலேனர் என்னும் கண் சொட்டு மருந்து 2023-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

ஓர் எச்சரிக்கையும் இங்குக் கூற வேண்டும். ஐவர்மெக்டின் நல்ல மருந்து என்று படித்துவிட்டுக் கால்நடைக்குரிய மருந்தை வாங்கி முகத்தில் பூசுவதும், மாத்திரையைத் தாமே விழுங்குவதும் பேராபத்து. அளவும் வடிவமும் மருத்துவரே தீர்மானிக்க வேண்டியவை. டாக்சிசைக்ளின் கருவுற்ற பெண்களுக்கு ஏற்றதன்று என்பதையும் நினைவிற் கொள்க.

உண்ணியினும் கொடிய ஒன்று

நம் நாட்டைப் பொறுத்தவரை, உண்ணியைக் காட்டிலும் அஞ்சத்தக்க ஒன்று பல இல்லங்களின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. முகத்தில் பரு என்றாலும், படை என்றாலும், நிறம் வெளுக்க வேண்டும் என்றாலும், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்பே அது. பெட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் போன்ற பெயர்கள் அக்குழாய்களின் மேல் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். பூசிய சில நாட்களில் சிவப்பு மறையும், முகம் பளபளக்கும். பக்கத்து வீட்டுப் பெண் கேட்பாள். அவளுக்கும் பெயர் சொல்லப்படும். மணப்பெண்ணுக்கு வாங்கித் தரப்படும்.

ஆனால் உள்ளே நடப்பது வேறு. தோல் மெலிந்து காகிதம் போலாகிறது. குருதிக் குழாய்கள் விரிகின்றன. தோலின் காவல் தளர்ந்துவிடுவதால் உண்ணிகள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன. நாளடைவில் ரோசேசியாவைப் போன்ற சிவப்பும் பருவும் தோன்றுகின்றன. அஞ்சிக் களிம்பை நிறுத்தினால் முகம் தீப்பட்டது போல எரிந்து வீங்குகிறது. மீண்டும் பூசினால் அடங்குகிறது. இவ்வாறு களிம்புக்கே அடிமையாகிவிடும் முகங்களைக் குறிப்பதற்கென்றே நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் தனிப் பெயர் ஒன்றை வைத்திருக்கின்றனர். ஸ்டீராய்டினால் சேதமுற்ற முகம் என்பது அதன் பொருள். 2018-ஆம் ஆண்டில் இந்திய அரசு இத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது, ஆனால் நாம் கேட்காமல் இருந்தால்தான் அது முழுப் பயன் தரும். ஏற்கெனவே பல மாதங்கள் பூசி வந்தவர்கள் திடீரென்று தாமே நிறுத்தாமல், தோல் மருத்துவரின் துணையோடு படிப்படியாக விடுபடுவது நலம்.

நாம் செய்யத்தக்கவை

முகத்தில் நீங்காத சிவப்போ பருவோ எரிச்சலோ கண்டால், முதற்கண் அது ரோசேசியாதானா என்று அறிய வேண்டும். லூபஸ் என்னும் நோயிலும் கன்னங்கள் சிவக்கும். அதில் மூட்டுவலி, காய்ச்சல், அயர்ச்சி ஆகியவையும் உடன்வரலாம். தொழுநோயின் தடிப்பும் முகத்தில் தோன்றலாம்; அதில் தொடு உணர்ச்சி குன்றியிருப்பதுண்டு. இவற்றைப் பிரித்தறிவது மருத்துவரின் பணி. ஆகவே மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேனும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேனும் உள்ள தோல் நோய்ப் பிரிவை நாடுக.

நோய் உறுதியானபின், நாள்தோறும் கைக்கொள்ள வேண்டிய நெறிகள் சில உண்டு. வெயிலில் செல்லும்போது குடை பிடியுங்கள். மருத்துவர் கூறும் வெயில்காப்புக் களிம்பைப் பூசுங்கள். முகத்தை மென்மையான சோப்பினால் இளஞ்சூடான அல்லது குளிர்ந்த நீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். பருவுக்கு நல்லதென்று வேது பிடிப்பதும், எலுமிச்சைச் சாறு தடவுவதும், கரகரப்பான பொடியால் தேய்ப்பதும் வேண்டா; அனலும் புளிப்பும் உராய்வும் இந்நோய்க்குப் பகை. உண்ணியை ஒழிப்பதாக எண்ணி நாளுக்குப் பத்துமுறை முகம் கழுவுவதாலும் பயனில்லை. அது மயிர்க்காலின் ஆழத்தில் வாழ்வது.

எது சிவப்பைத் தூண்டுகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரு குறிப்பேட்டில் உணவு, வெயில், வேலை, மனநிலை ஆகியவற்றையும், அன்று முகம் இருந்த நிலையையும் இரண்டு மாதங்கள் எழுதி வந்தால், தமக்கு ஒவ்வாதது எது என்பது தானே புலப்படும். எல்லாவற்றையும் விலக்கி நாவைக் கட்டிப்போட வேண்டுவதில்லை. காப்பியைப் பலர் குற்றஞ்சாட்டுவர். அமெரிக்காவில் 82,737 பெண் செவிலியரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நாளுக்கு நான்கு கோப்பையோ அதற்கு மேலோ காப்பி அருந்தியவர்களிடம் இந்நோய் குறைவாகவே காணப்பட்டது. கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் அந்தச் சூடுதான் முகத்தைச் சிவக்கச் செய்யக்கூடும். ஆற்றிக் குடித்தால் போதும்.

கண்ணில் உறுத்தலோ, வெளிச்சத்தைக் கண்டால் கூச்சமோ, பார்வை மங்கலோ ஏற்பட்டால் காலந்தாழ்த்தாமல் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். கண்ணில் பரவும் ரோசேசியா கருவிழியைப் புண்படுத்தக் கூடியது.

வாசக அன்பர்களே, ரோசேசியா உயிரைக் கொல்லும் நோயன்று. ஆனால் மனத்தைக் கொல்லக் கூடியது. திருமண வீட்டிற்குச் செல்ல நாணுபவர்களும், வேலை நேர்முகத்திற்குச் செல்ல அஞ்சுபவர்களும், புகைப்படத்தில் நிற்க மறுப்பவர்களும் இந்நோயாளரிடையே உண்டு. மருத்துவர் தரும் களிம்பு அவர்கள் தோலுக்கு மருந்து. "குடிப்பாரோ?" "ஒட்டிக்கொள்ளுமோ?" என்று முணுமுணுக்காத நம் நாக்கு அவர்கள் உள்ளத்திற்கு மருந்து. ஒன்றின் அருகில் மற்றொன்று இருப்பதைக் கண்ட அளவில் காரணம் கற்பித்துவிடலாகாது என்று ஹென்லெ 1840-இல் மருத்துவர்களுக்குச் சொன்னார். முகத்தைப் பார்த்து மனிதரை எடைபோடும் நமக்கும் அது பொருந்தும்.